நாவலடித் தோட்டம் பேச்சாயிக்குத் தராத மேடை

தலைமை நாற்காலியைத் தம் தகுதியால் நிறைத்து வீற்றிருக்கும் கஹவத்தைத் துணிக்கடை காளிதாஸ் முதலாளி அவர்களே, அம்மனுக்குக் காப்புக் கட்டிய கையோடு வந்து அமர்ந்திருக்கும் பூசாரி வேலுசாமி அவர்களே, கல்லோடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நம் அழைப்பை மதித்து வந்திருக்கும் சிங்களக் கிராமத்துப் பெரியோர்களே, கானிவல் நடத்திச் சனங்களின் கவலையைக் கரைக்கும் மக்கீன் முதலாளி அவர்களே, றபான் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு இவன் எப்போது முடிப்பான் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் ஜாபிர் அவர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, குளித்து, பூ வைத்து, பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிவந்து பாய் விரித்து அமர்ந்திருக்கும் பாசமிகு தாய்மார்களே, பலாமரக் கிளையில் ஏறி உட்கார்ந்துகொண்டு அது முறியுமா முறியாதா என்று எங்களைப் பதைபதைக்க வைக்கும் இளைஞர்களே, இந்த மேடையின் ஓரத்தில், மூன்றாவது நாற்காலியில், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் அம்மையார் அவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தத் தோட்டத்தின் தலைவனும் கோவில் கமிட்டியின் தலைவனுமாகிய சந்தனத்தின் தலை தாழ்ந்த வணக்கம்.

அந்த அம்மையார் ஏன் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் இப்படி மூச்சு முட்ட முட்ட வணக்கம் சொல்லுவதைப் பதினைந்து வருடங்களாக அவர் ஊர் ஊராகச் செய்து காட்டி வருகிறார். கேகாலையில் காட்டினார், பெல்மதுளையில் காட்டினார், எம்பிலிப்பிட்டியாவில் காட்டினார். என்னை ஒருநாளும் பார்த்திராத ஊர்களில்கூட என் வணக்கத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

யாரப்பா அது பின்னால், சுருக்கமாகப் பேசச் சொல்வது? தம்பி, இன்றைக்கு நான் சுருக்கமாகப் பேச வரவில்லை. ஐந்து வருடங்களாக என் நெஞ்சில் கிடந்து கனக்கும் ஒன்றை இறக்கிவைக்க வந்திருக்கிறேன். ஆகவே பொறுமையாக இரு, கிளையையும் பிடித்துக்கொள்.

அன்பர்களே, அம்மையாரின் பெயரைக் கானிவல் பலகையில் மிஸ் டிலானி என்று எழுதுவார்கள். சிங்களத்திலும் எழுதுவார்கள், தமிழிலும் எழுதுவார்கள், சுற்றிவர வர்ண பல்பு போடுவார்கள். ஆனால் இந்தத் தோட்டத்துப் பிறப்புப் பதிவில் அவர் பெயர் பேச்சாயி. நான்காம் லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். பதினாறு வயதில் கொழுந்தெடுக்க மலையேறினார். மலையில் அவர் எடுத்த கொழுந்தைவிட எழுப்பிய சிரிப்பு அதிகம் என்று அவரோடு நிரை பிடித்த பெண்கள் சொல்லுவார்கள். கங்காணி நடந்து போனால் பின்னால் இவர் கங்காணியாக நடப்பார். கணக்கப்பிள்ளை மூக்கைச் சொறிந்தால் இவரும் சொறிவார். இதற்காகவே அவரைத் தனி நிரைக்கு மாற்றினார்கள். தனியாக நின்றும் அவர் தேயிலைச் செடிகளுக்குக் கங்காணியைச் செய்து காட்டினாராம்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, பத்தொன்பது வயதில், பெல்மதுளையில் வந்திறங்கிய கானிவலுக்குத் தன்னந்தனியாகப் பஸ் ஏறிப் போனார். மக்கீன் முதலாளி, நீங்கள்தானே அவரைக் கேட்டீர்கள், ஆடத் தெரியுமா என்று?

அதோ, தலையை ஆட்டுகிறார். அதற்கு அந்தப் பெண் சொன்ன பதிலை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். "ஆடத் தெரியாதுங்க மொதலாளி. ஆள் மாதிரி நடக்கத் தெரியும்." அந்த ஒரு பதிலுக்காகவே அவரைச் சேர்த்துக்கொண்டேன் என்று முதலாளி சொல்லுவார்.

அந்தக் கொட்டகை வாழ்க்கையைப் பற்றி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர், மோதிரம் எறியும் கடைக்காரர், பபூன் வேடக்காரர், ஆட்டக்காரப் பெண்கள் என்று நாற்பது பேர் ஒரே தறப்பாள் கூடாரத்தின் கீழ் வாழும் வாழ்க்கை அது. சிங்களவர் சமைப்பார், இஸ்லாமியர் பரிமாறுவார், தமிழர் பாத்திரம் கழுவுவார், மறுநாள் முறை மாறும். யுத்தம் நடக்கிற நாட்டில் செக்பொயின்டில் ஒருவரை இறக்கினால் மற்ற முப்பத்தொன்பது பேரும் இறங்கி அவர் திரும்பி வரும்வரை வீதியில் நிற்பார்கள். உடை தைப்பவர் மஹ்மூதா அம்மா. ஒரே இழுப்பில் கழன்று விழும்படி ஒவ்வொரு உடைக்கும் கொக்கி வைத்துத் தைக்கும் வித்தை அவருடையது. அந்தப் பெண்களுக்கு மாலையில் கைதட்டும் சனம், காலையில் அவர்கள் குடத்தோடு வந்தால் தன் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடாது. கைதட்டிய கையாலேயே குடத்தைத் தள்ளிவிடும். அதற்குப் பிறகும் மறுநாள் மாலை அவர்கள் மேடையேறுவார்கள்.

இனி அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். தாய்மார்கள் கவனிக்க வேண்டும். தொண்ணூற்று மூன்றில் பெல்மதுளைக் கானிவலுக்கு நானும் போனேன். ஏன் சிரிக்கிறீர்கள்? பிள்ளைக்கு மருந்து வாங்கப் போவதாகத்தான் வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். மூன்றாவது வரிசையில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என்னைப்போலத் துண்டு போட்டவர்கள் அந்த வரிசையில் ஏழு பேர் இருந்தார்கள். பேரைச் சொல்ல மாட்டேன், இரண்டு பேர் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள்.

ஆட்டத்தின் பெயர் கொழுந்துக்காரி. விளக்கு அணைந்து எரிந்தது. தலையில் கம்பளி, முதுகில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு, கழுத்து மூடிய சட்டை, கணுக்கால் மறைத்த சேலை என்று ஒரு பெண் அசைந்து அசைந்து வந்தார். ஜாபிர் றபானைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். கூடையை இறக்கினார், கணக்கப்பிள்ளையாக நின்று அதை நிறுத்தார். கம்பளியைக் கழற்றினார், கங்காணியாக மாறி அதை உதறினார். படங்கு போனது. கொட்டகை விசிலடித்தது. சட்டை போனது, உள்ளே இன்னொரு சட்டை இருந்தது. கொட்டகை அதிர்ந்தது. கடைசியில் சேலையின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, முன் வரிசையிலிருந்து பின் வரிசைவரை ஒவ்வொரு ஆணின் முகத்தையும் தனித்தனியாகப் பார்த்தார். ஒரே இழுப்பு. சேலை விழுந்தது.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? காக்கி அரைக்காற்சட்டை. முழங்கால்வரை வெள்ளைச் சொக்ஸ். கூடைக்குள் கையை விட்டு ஒரு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அங்கே பெண் இல்லை, தோட்டத்தை ஆளும் பெரிய துரை நின்றார். இடுப்பில் கை வைத்து, "என்னா மேன், எல்லாரும் வேலைக்கி போகாம இங்க என்னா பார்க்குறான்?" என்று துரையின் தமிழில் அதட்டினார்.

அரைக்காற்சட்டையைக் கண்டால் எழுந்து நிற்கும் கால்கள் அல்லவா நம் கால்கள்? துண்டு போட்டவர்களில் இரண்டு பேர் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டார்கள். அதன் பிறகு வந்தது பாருங்கள் சிரிப்பு, அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உடை உரிப்பதைப் பார்க்க வந்தவர்களின் தோலை உரித்துக் கையில் கொடுத்தார் அந்த அம்மையார். கொழும்பிலிருந்து வந்த படித்தவர் ஒருவர், வெளிநாட்டில் இந்தக் கலையைப் பர்லெஸ்க் என்று சொல்லுவார்கள், அதற்கென்றே அரங்குகள் இருக்கின்றன என்றார். இருக்கட்டும். பெல்மதுளைச் சேற்றில் பலகை அடுக்கி எங்கள் பிள்ளை அதைச் செய்தது.

அம்மையார் அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் நல்லவனாகவே இருந்திருப்பேன். நிறுத்தவில்லை. விழுந்த சேலையை எடுத்து, நாலாக மடித்து, தோளில் சால்வையாகப் போட்டார். தொண்டையைச் செருமினார். "பேரன்பு கொண்ட பெரியோர்களே, பாசம் பொங்கும் தாய்மார்களே, நாலு மணி நேரம் நான் சுருக்கமாகப் பேசுவேன்" என்றார்.

சால்வையை நான் தூக்கிப் போடும் விதம், விரலை நான் ஆட்டும் விதம், துரையின் முன்னால் போனதும் என் குரல் இளகிப்போகும் விதம், ஒன்றுகூடத் தப்பவில்லை. பக்கத்தில் துண்டு போட்டிருந்தவர் என்னைப் பார்த்தே சிரித்தார். நான் எழுந்து வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்தபோது என் மனைவி கேட்டாள், "மருந்து எங்கங்க?"

மறு ஆண்டு, நம் திருவிழாவுக்கு முன், பேச்சாயி அம்மையார் என்னிடம் வந்தார். மக்கீன் முதலாளியும் கூட வந்தார். என் வாசலில் நின்று அவர் கேட்ட வார்த்தைகள் அப்படியே காதில் இருக்கின்றன. "மாமா, எங்கெங்கயோ ஆடிட்டேன். நம்ம ஆத்தா முன்னுக்கு, நம்ம சனத்துக்கு முன்னுக்கு ஒருக்கா ஆடணும். அது மட்டும் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

நான் என்ன சொன்னேன்? "கானிவல்ல ஆடுன காலு கோவில் மேடையில ஏறக்கூடாது" என்றேன். கமிட்டியும் ஆமாம் என்றது. சனமும் ஆமாம் என்றது. ஆனால் என் மனச்சாட்சிக்குத் தெரியும், அது கோவிலுக்காகச் சொன்னது இல்லை. அந்த நாலாக மடித்த சேலைக்காகச் சொன்னது. என் மானத்துக்கு அம்மனின் பெயரைச் சூட்டி அனுப்பினேன்.

"சரிங்க மாமா" என்றார். ஆனால் அடுத்த ஆண்டும் கேட்டனுப்பினார். அதற்கடுத்த ஆண்டும் கேட்டனுப்பினார். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஜாபிர் வருவார், கேட்பார், நான் முடியாது என்று தலையாட்டுவேன், அவர் போவார். பலகை பலகையாகப் பெயர் எழுதப்பட்ட ஒரு கலைஞருக்குத் தான் பிறந்த தோட்டத்தில் ஒரு மேடை கிடையாது. இதுதான் அவருடைய ஒரே ஆசை, நான் மறுத்த ஒரே ஆசை.

இப்போது இரண்டாயிரத்து மூன்று மே மாதத்துக்கு வாருங்கள். தாய்மார்கள் கண்ணைத் துடைப்பதைப் பார்க்கிறேன். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கல்லோடைக்கு அப்பாலிருந்து வந்தவர்களுக்காகவும், அன்று கைக்குழந்தைகளாக இருந்தவர்களுக்காகவும் சொல்லுகிறேன்.

திருவிழாவின் இரண்டாம் நாள். கொடி ஏறிவிட்டது, காப்புக் கட்டியாகிவிட்டது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். காப்புக் கட்டிய நாளிலிருந்து மஞ்சள் நீர் ஊற்றும்வரை தோட்டத்தில் பிறந்தவர் யாரும் எல்லை தாண்டக்கூடாது. எல்லை என்பது கல்லோடையின் இரும்புப் பாலம். அந்த முறை ஐந்து நாளாக மழை. வானம் ஓட்டையாகிவிட்டதோ என்று நினைக்கும்படி மழை. கஹவத்தை மைதானம் மூழ்கியதால் கானிவல்காரர்கள் நாற்பது பேரும் கல்லோடைக்கு அந்தப் பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் தங்கியிருந்தார்கள். அங்கே ஒரு பெண்மணி கிணற்றடியில் அம்மையாரைக் கூப்பிட்டு, "அற கந்த பலன்ன நங்கி" என்றிருக்கிறார். அந்த மலையைப் பார் தங்கச்சி என்று.

மலையின் அடியில் குடியிருக்கிறவனுக்கு மலை தெரிவதில்லை. எதிரே நிற்கிறவனுக்குத்தான் தெரியும். ஆறு லயங்களுக்கும் பின்னால், மேல் மலையில், ஒரு தேயிலை நிரை நடுவில் இரண்டு முழம் கீழே இறங்கியிருந்தது. நிழல் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

அம்மையார் பாலத்துக்கு ஓடி வந்தார். கொடி ஏறிய பிறகு கானிவல்காரி உள்ளே வரக்கூடாது என்று நான் அங்கே இரண்டு பேரைக் காவல் நிறுத்தியிருந்தேன். அவர்கள் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். நான் இந்தக் கரையில், அவர் பாலத்தின் நடுவில், மழை எங்கள் இருவர் மீதும்.

"மாமா, மலை வெடிச்சிருக்கு. இங்கருந்து தெரியாது. அந்தப் பக்கம் வந்து ஒருக்கா பாருங்க."

"காப்புக் கட்டியிருக்கு. நானும் தாண்ட மாட்டேன், சனமும் தாண்டாது."

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா சமாதானம் சொல்லிக்கலாம் மாமா. மலை கோவிச்சுக்கிட்டா யாரு சமாதானம் சொல்றது?"

"வெள்ளக்காரன் காலத்துலருந்து நிக்கிற மலை. நீ போயி ஒன் ஆட்டத்தப் பாரு."

அவர் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தார். பிறகு, "சரிங்க மாமா. ஆட்டத்தையே பாக்குறேன்" என்று திரும்பி நடந்தார். வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நான் பஜனைக்குப் போனேன்.

காலை பத்து மணி இருக்கும். கல்லோடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து லவுட்ஸ்பீக்கர் அலறியது. "நாவலடி சனங்களே, ஒம்பது வருசமா ஒங்க தலைவரு எனக்கு மேட குடுக்கல. அதனால மேடைய இங்க போட்டுட்டேன். பள்ளிக்கூடத்து மைதானத்துல இப்ப கொழுந்துக்காரி ஆட்டம். கங்காணி வருவாரு, கணக்கப்புள்ள வருவாரு, தொரை வருவாரு. கடேசியா ஒங்க தலைவரு சந்தனமும் வருவாரு. பாக்காதவங்க பொறகு வருத்தப்படாதீங்க."

பாலத்தை முதலில் தாண்டியவர்கள் யார் தெரியுமா? நான் நிறுத்தியிருந்த இரண்டு காவல்காரர்கள். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். பின்னாலேயே இளைஞர்கள், அவர்கள் பின்னால் கல்யாணமான ஆண்கள். காப்பாவது எல்லையாவது? அவர்களை இழுத்து வரப் பெண்கள் விளக்குமாற்றோடு போனார்கள். போன பெண்கள் திரும்பவில்லை. அம்மாவைத் தேடிப் பிள்ளைகள் போயின. மழை கொட்டக் கொட்ட, தறப்பாளுக்குக் கீழே பேச்சாயி அம்மையார் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார்.

இனி நான் சொல்லப்போவதை எனக்குச் சொன்னவர் ஜாபிர். அவர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

வழக்கமாக இருபது நிமிடம் ஆடும் ஆட்டத்தை அம்மையார் அன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆடினார். ஏன்? துரை வேடத்துக்கு வந்ததும் பிரட்டுக் களத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுவதுபோலக் கூப்பிடத் தொடங்கினார். லயம் லயமாகக் கூப்பிட்டார். காம்பறா காம்பறாவாக, ஓர் அறை விடாமல் கூப்பிட்டார். நான்காம் லயத்தில் பிறந்தவர் அல்லவா, எந்தக் காம்பறாவில் எத்தனை தலை என்று அவருக்குத் தெரியாதா? கூப்பிட்டவனைக் கிண்டல் செய்தார். கூப்பிட்டு வராதவனின் சொந்தக்காரனை அதைவிடக் கிண்டல் செய்தார். "ஏய் சசி, நீ மட்டும் பல்ல காட்டிக்கிட்டு வந்துட்டியா? புள்ள பெத்து அஞ்சு நாளு ஆன பொஞ்சாதிய அடுப்படியில விட்டுட்டு வந்த வீரனா நீ? தொரை கேக்குறேன், துஷாந்தினி எங்க மேன்?" மைதானமே சசியைப் பார்த்துச் சிரித்தது. அவமானம் தாங்காமல் சசி ஓடினான். துஷாந்தினியையும் குழந்தையையும் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்தான். நடக்க முடியாத பெரியவர்கள் நான்கு பேரைப் பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். வராதிருந்தால் அந்தப் பிள்ளைகளின் மானம் அங்கே கந்தலாகியிருக்கும்.

ஆடுகிறார் என்று சனம் நினைத்தது. சிரிக்க வைக்கிறார் என்று நினைத்தது. பெருமக்களே, ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு குடும்பம் ஓடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு பகிடி சொல்ல, ஜாபிர் றபானில் ஒரு தட்டு தட்டுவார். அந்தத் தட்டு தாளம் இல்லை, கணக்கு. அறுபத்திரண்டு குடும்பங்களையும் அவர்கள் இருவரும் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் கோவிலில் மிஞ்சியது நான், பூசாரி வேலுசாமி, கமிட்டிக்காரர்கள் பதினொரு பேர். பஜனை பாட ஆளில்லை. அப்போதுதான் ஓடையைத் தாண்டி என் குரல் எனக்கே கேட்டது. "பேரன்பு கொண்ட பெரியோர்களே." நான் இங்கே வாயை மூடிக்கொண்டு நிற்க, என் குரல் அங்கே நீட்டி முழக்கியது. சனம் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தமும் கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் காப்பு மறந்தது, எல்லை மறந்தது. சால்வையைத் தூக்கித் தோளில் போட்டேன். பதின்மூன்று பேரும் பாலத்தைத் தாண்டினோம்.

என்னை ஏன் அவர் கடைசியாக வைத்தார் என்று இப்போது விளங்குகிறதா? மிச்சமிருந்த பதின்மூன்று பேரை இழுக்க வேறு கயிறு அவரிடம் இல்லை. என் ஆணவம்தான் அந்தக் கயிறு. அதைப் பத்து வருடங்களுக்கு முன்பே பெல்மதுளையில் அவர் அளந்து வைத்திருந்தார்.

மைதானத்துக்குப் போய் அரை மணி நேரம் திட்டினேன். சொல்லக்கூடாத சொல்லையெல்லாம் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஜாபிரைப் பார்த்து மெல்லக் கேட்டார், "எத்தனண்ணே?" ஜாபிர் சொன்னார், "இவங்களோட சரி தங்கச்சி." உடனே தோளில் இருந்த சால்வையை எடுத்துவிட்டு, அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்தார். முகத்தில் பூசியது மழையில் வழிந்தது. பூசாரிதான் என் கையைப் பிடித்து, "தலைவரே, நாமளும் தாண்டிட்டோமே" என்றார். நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு நனைந்து கிடந்தது.

அப்போது மலை வந்தது. அடுக்கி வைத்த பாத்திரமெல்லாம் ஒரே நேரத்தில் சரிந்ததுபோல ஒரு சத்தம். மரங்கள் நின்ற நிலையிலேயே நடந்து வந்தன. ஆறு லயங்களும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போயின. ஆடு போனது, கோழி போனது, அடுப்பில் வைத்த உலை போனது. ஒரு மனித உயிர் போகவில்லை. பால்குடி மறவாத பிள்ளைகூடப் போகவில்லை. அந்த மைதானத்தில் அவ்வளவு சனமும் சிரிப்பை நிறுத்தி, சேற்றில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்தது. எனக்கு அறுபத்தேழு வயதாகிறது. கோபுரங்களைப் பார்த்திருக்கிறேன், கும்பாபிஷேகங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிடத்தில் என் உடம்பு சிலிர்த்ததுபோல வேறெங்கும் சிலிர்த்ததில்லை.

அப்படிச் சிலிர்த்தவன் அதன் பிறகு செய்ததையும் கேளுங்கள். மறுநாள் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். சனத்தை வெளியேற்றியது யார் என்று கேட்டார்கள். கமிட்டியில் ஒருவர், தலைவர்தான் என்றார். நான் மறுக்கவில்லை. தலைவரின் சமயோசிதத்தால் அறுபத்திரண்டு குடும்பங்கள் தப்பின என்று செய்தி வந்தது. கானிவல்காரி ஆட்டத்தைப் பார்க்க எல்லை தாண்டினோம் என்று சொல்ல எல்லோருக்கும் கூச்சம். காப்பை மீறியதைச் சொல்லப் பயம். ஊரே சேர்ந்து வாயை மூடிக்கொண்டது. அம்மையாருக்கு ஒருவர் நன்றி சொல்லவில்லை. கானிவல் லொறியில் ஏறிப் போய்விட்டார். அந்தச் செய்தி பொய் என்று அவர் ஒருநாளும் ஒருவரிடமும் சொன்னதில்லை. அடுத்த திருவிழாவுக்கும் ஜாபிரைத்தான் அனுப்பினார், மேடை கேட்டு. நான் அப்போதும் முடியாது என்று தலையாட்டினேன். பெருமக்களே, அது பொய். முழுப் பொய். ஐந்து வருடம் நான் தின்ற பொய்.

என்ன தம்பி இது? கமிட்டிக் காரியதரிசி டிலக்ஷன் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருக்கிறார். சத்தமாகவே படிக்கிறேன். "நேரமாகிறது. பொன்னாடையைப் போர்த்திவிட்டு முடிக்கவும். ஆட்டம் என்று எதையும் அறிவிக்க வேண்டாம். கோவில் மேடை."

டிலக்ஷன் தம்பி, நீ நல்ல பிள்ளை, படித்த பிள்ளை. கோவில் மேடை என்று எழுதியிருக்கிறாய். இந்த எழுத்தை எழுத உனக்குக் கற்றுக் கொடுத்தவனே நான்தான். ஆகையால் உன்மீது எனக்குக் கோபமில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு உன்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா இல்லையா? தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறாய். கூப்பிட்டார். என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பதை நான் சொல்ல மாட்டேன், உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தாய்மார்களே, உங்களிடமே விட்டுவிடுகிறேன். கமிட்டி தீர்மானித்தது போதும். அன்று பள்ளிக்கூட மைதானத்தில் பேச்சாயி அம்மையார் யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரோ அவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள்.

துஷாந்தினி எழுந்துவிட்டாள். பிள்ளையையும் எழுப்புகிறாள். சசி, நீயும் எழும்பு. மூன்றாம் லயத்துக்காரர்கள் எழுகிறார்கள். இங்கே பாருங்கள், ஐந்தாம் லயம். மரத்தில் இருப்பவர்கள் மெதுவாக, மெதுவாக இறங்குங்கள். பூசாரி வேலுசாமி நிற்கிறார். மக்கீன் முதலாளி, நீங்கள் உட்காருங்கள், உங்களை அவர் கூப்பிடவில்லை. பாய் தெரிகிறது பெருமக்களே, விரித்த பாய்தான் தெரிகிறது. உட்கார்ந்திருக்கும் நாவலடியானை என் கண் தேடுகிறது, காணவில்லை. டிலக்ஷன், நீ ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருக்கிறாய். அப்படியே நில்.

இத்தனை பேர் உயிரோடு நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அந்தக் கால்கள் இந்த மேடையில் ஏறலாமா கூடாதா? கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள்.

போதும். அம்மனுக்கும் கேட்டிருக்கும்.

அம்மையார் அவர்களே, பேச்சாயி அவர்களே, அன்று பாலத்தில் உங்களை நீ என்றேன். பதினான்கு வருடம் உங்களை வெளியே நிறுத்தினேன். உங்கள் புகழை எடுத்து உடுத்திக்கொண்டேன். சனத்தின் முன்னால் கேட்கிறேன், என்னை மன்னியுங்கள். இதோ பொன்னாடை. காளிதாஸ் முதலாளி கடையிலேயே விலை உயர்ந்தது.

அம்மையார் ஏதோ சொல்லுகிறார், கொஞ்சம் அமைதி. "பொன்னாட இருக்கட்டும் மாமா, அப்பறமா போட்டுக்கிறேன். ஜாபிரண்ணே றபானுக்குச் சூடு காட்டி எவ்வளவு நேரம். ஆறித் தோலு தளந்து போகுது. நீங்க எறங்குனாத்தானே நான் ஏறலாம்."

நியாயம். பதினான்கு வருடங்களாக நான் இறங்காததுதானே பிரச்சினை.

விழாத் தலைவர் அவர்களுக்கும் பூசாரி அவர்களுக்கும் ஓடை தாண்டி வந்த உறவுகளுக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டதற்குத் தனி நன்றி. இப்போது அம்மையார் என்னைச் செய்து காட்டுவார். ஒன்றையும் குறைக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். ஐந்து வருடத்துப் பொய்யையும் சேர்த்துச் செய்யச் சொல்லியிருக்கிறேன். யாரும் எனக்காகச் சிரிப்பை அடக்காதீர்கள்.

துஷாந்தினி, அந்தப் பாயில் எனக்கு ஒரு ஓரம் கொடம்மா. இந்த முறை தலையில் துண்டு இல்லாமல் பார்க்கப் போகிறேன்.

வணக்கம்.